குளிருக்கை ஒரு வள்ளப் பயணம்

"இந்தக் குளிருக்கை விசரரைத் தவிர ஆர் வள்ளம் ஏறுவினம்?"

ஞானம்பிகை போட்ட சத்தத்தில், பக்கத்துப் படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த இத்தாலியன் நிமிர்ந்து பார்த்தான்.

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குள் அடித்த காற்று ஜாக்கெட்டையும் துளைத்தது. கிழமை முழுக்க சிஞ்ஞோராமார் எனப்படும் இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் தரை துடைக்கிறவளுக்குப் போர்த்துக்கொண்டு படுக்கக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். அதையும் புருஷன் கோபாலசிங்கம் கெடுத்துவிட்டார்.

"லக்ஷனா வள்ளம் ஏறோணும் எண்டு கேட்டவள்" என்றார் அவர்.

"நான் கோடையிலை கேட்டனான்" என்றாள் மகள், கம்பளித் தொப்பிக்குள் இருந்து.

"சரி, சரி. ஏறுங்கோ ரெண்டு பேரும்."

வள்ளம் கொன்ஸ்ரன்ரைனுடையது. யாழ்ப்பாணம் குருநகர்ப் பையன். வெயில் காலத்தில் சுற்றுலாக்காரரை ஏற்றுகிறவன். "இப்ப ஆரும் வாறேல்லை அண்ணை" என்று சொன்னவனை வற்புறுத்தி வரவைத்ததும் கோபாலசிங்கம்தான்.

துறைமுகத்தைத் தாண்டியதும் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

"விதுரனும் பெண்சாதியும் ஏன் வரேல்லை?" என்று கேட்டாள் ஞானம்பிகை.

விதுரன் கோபாலசிங்கத்தின் அக்கா மகன். பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இவர்களோடுதான் இருந்தான். புதிதாகக் கலியாணம் கட்டிய தனுசியாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். ஒரே ஒரு அறை உள்ள வீடு. அறைக்குள் இவர்கள் மூவரும். வெளியே, சமைக்கிற குசினிக்குப் போகிற வழியில் திரைச்சீலை கட்டி அவர்கள் இருவரும்.

"அவையள் வரேல்லையாம்."

"ஏன் வரப்போகினம்? நாங்கள் இஞ்சை விறைச்சுச் சாக, அவை அங்கை சொகுசாக் கிடப்பினம்! அவளுக்கு எந்த நேரமும் உம்மெண்ட முகம். ஒரு சிரிப்பில்லை. நாலு கதை கேட்டா ஒரு 'ஓம்'. நாளைக்கே வேறை வீடு பாக்கச் சொல்லப்போறன்."

கோபாலசிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, காத்து கூடுது" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "பயமில்லை. ஆனா அக்கா பாவம், நடுங்கிறா. திருப்புவமே?"

"வேண்டாம் தம்பி. மொன்டெல்லோக் கடற்கரை வரைக்கும் போவம்."

"மொன்டெல்லோவோ!" ஞானம்பிகைக்கு வார்த்தை வரவில்லை. வந்தது சத்திதான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்தாள்.

"அப்பா, ஃப்ரெட்டோ! குளிருது, வீட்டை போவம்" என்று லக்ஷனா சிணுங்கினாள். கொன்ஸ்ரன்ரைன் அவளைத் வள்ளம் ஓட்டுகிற சின்னக் கூண்டுக்குள் கூப்பிட்டு, போர்வை ஒன்றைச் சுற்றி இருத்தினான்.

ஞானம்பிகை வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஆருக்கு?" என்றார் கோபாலசிங்கம்.

"வீட்டுக்கு. போன உடனை குடிக்க ரசமாவது வைக்கட்டும் அந்த மகாராணி."

அவர் எட்டிப் போனைப் பறித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

இவ்வளவு காலத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. ஞானம்பிகைக்குக் குளிரிலும் உடம்பு கொதித்தது.

"என்ரை போனைப் பறிப்பியளோ? பிள்ளை அங்கை நடுங்குது, நான் குடல் வெளியிலை வர எடுக்கிறன், உங்களுக்கு ஊர் சுத்துற ஆசை! நாங்கள் செத்தாலும் பரவாயில்லையோ? தம்பி, வள்ளத்தைத் திருப்பும்! இவரின்ரை கதையைக் கேளாதையும்!"

கொன்ஸ்ரன்ரைன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்ல வள்ளத்தைத் திருப்பத் தொடங்கினான்.

கோபாலசிங்கம் பதறி எழும்பினார். தள்ளாடியபடி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, காதோடு காதாகச் சொன்னார்.

"ஞானம், கத்தாதையும். கொஞ்சம் கேளும். முந்தநாள் நான் வேலையாலை வரேக்கை அந்தப் பிள்ளை படியிலை இருந்து தாயோடை போனிலை அழுதுகொண்டிருந்தது. 'என்னை ஊருக்கே கூப்பிடுங்கோ அம்மா' எண்டு."

"ஏனாம்? நான் என்ன சாப்பாடு போடேல்லையோ?"

"அதில்லை. கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் அதுகள் ரெண்டும் கதவு சாத்தி இருந்ததில்லை. நான் தண்ணி குடிக்க எழும்பினாலும் அந்தச் சீலையை உரசிக்கொண்டுதான் போறன். ரெண்டு வார்த்தை ஆசையாக் கதைக்கவோ, சண்டை பிடிக்கவோ கூட இடமில்லை. விதுரன் வாய் திறந்து கேப்பானே? மாமன் நான்தான் வாய் திறந்து சொல்லுவனே?"



"அதுக்கு இந்தக் கடல்தானோ கிடைச்சது?" என்றாள் ஞானம்பிகை. குரல் இறங்கியிருந்தது.

"வேறை எங்கை போறது? பூங்காவெண்டா குளிருதெண்டு வந்திடுவீர். கடையெண்டா அரை மணித்தியாலத்திலை வீட்டை நிப்பீர். கடலுக்கை வந்தாத்தானே உமக்குத் திரும்பி நடக்க ஏலாது!"

அவருடைய பற்கள் கிடுகிடுத்தன. ஞானம்பிகை அவரை முறைத்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

தூரத்தில் துறைமுகம் தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் சடாரென்று எழும்பி, கூண்டுப் பக்கம் திரும்பி, முன்னையதைவிடப் பெரிய சத்தமாகக் கத்தினாள்.

"எங்கை தம்பி திருப்புறீர்? ஆர் உம்மைத் திருப்பச் சொன்னது? மொன்டெல்லோவுக்கு விடும்! பொழுதுபடத் திரும்பினாப் போதும்!"