அசையாத ஸ்டீயரிங்

நடு நட்டைக் கழற்றியாயிற்று, ஆனாலும் ஸ்டீயரிங் சக்கரம் அசைவேனா என்கிறது. பேட்டரி வயரைப் பிரித்து, மிச்ச மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, ஏர்பேக்கை அலுங்காமல் எடுத்து மேல்முகமாகப் பெஞ்சில் வைத்தவள் மெக்கானிக் அக்கா. அது வெடிக்காமல் வந்த குஷியில் தம்பி சக்கரத்தை இரு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து இழுக்கிறான். ஷெட்டுக்குள் சாயும் வெயிலில் தூசி மினுமினுக்கிறது. உள்ளே எங்கோ 'க்ரீச்' என்கிறது. "விடுடா! படக்குனு வந்தா நேரா வாயிலதான் அடிக்கும். நாளைக்குக் கச்சேரியில டிரம்பெட்டை மூக்கால ஊதுவியா?" தம்பி உதட்டைத் தடவிக்கொள்கிறான். "அப்ப சுத்தியலை எடுக்கா." "சுத்தியலா? உள்ள இருக்கற தண்டு நசுங்கிடும்டா மண்டு." அவள் தண்டையே உற்றுப் பார்க்கிறாள். அதன் பற்களை வருஷக்கணக்காகக் கவ்விக்கிடக்கிறது சக்கரம். சட்டென்று அவள் முகம் மலர்கிறது; நட்டை எடுத்து, முழுக்க இறுக்காமல் நாலு சுற்று மட்டும் திரும்ப மாட்டுகிறாள். "கழட்டச் சொன்னா மாட்டுறியே!" "இப்ப ஆட்டி இழு, பயப்படாம." இடம், வலம், இடம். 'டக்!' சக்கரம் துள்ளி வந்து நட்டில் முட்டி நிற்கிறது. அவன் வாய்க்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. "வந்துடுச்சுக்கா!" என்று கத்துகிறான். நட்டை நாலு மரைச் சுற்றில் விட்டுவைத்து மாற்றி மாற்றி ஆட்டினால் போதும்: சக்கரம் பிடிவிடும், நட்டு அதைத் தடுத்து நிறுத்தும்.