வாசலோரத்து அறை

தோஹாவில் செங்கல் அடுக்கும் ரோபோவைக் கட்டி மேய்ப்பதுதான் சகாயராஜின் வேலை. அதே மாதிரி ஒன்று ராமநாதபுரத்தில் அவன் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. பழைய வீட்டில் கேமரா வைத்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார்கள் என்று ஒரு வருஷம் கவனித்துவிட்டு, வரைபடத்தையும் அதுவே போட்டிருந்தது. அந்த வருஷம் அவன் ஊரில் இருந்தது இரண்டே வாரம்.

எழும்பி நின்ற சுவர்களுக்கு நடுவே மனைவி ஜெசிந்தா நடந்து, ஒவ்வொரு அறையாகப் போனில் காட்டினாள். அவளுக்கும் மகளுக்கும் பின்பக்கம் விசாலமான அறை. வாசலோரத்தில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளுமளவுக்குச் சின்னதாக இன்னொன்று.

"அது யாருக்கு?"

அவள் தயங்கினாள். "விருந்தாளிக்குன்னு போட்டிருக்கு. உங்களுக்குத்தாங்க. மாத்தச் சொல்லவா?"

மாற்றச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கு அவன் தினமும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அதுதான் வாயில் வந்தது.

"மாத்த முடியாது ஜெசி. ஒரு கல்லை நகர்த்தினாலும் சுவர் நிக்காது."

அவனைச் சமாதானப்படுத்த, அவள் போனை அந்த அறையின் ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"காத்து நல்லா வரும். ரோடும் தெரியுது பாருங்க. ஏர்போர்ட்டுக்குப் போக டாக்ஸி வந்தா, நீங்க படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்."