முள்ளெடுத்த மீன்

வாசகர் சந்திப்பு முழுக்க ஆனந்தவல்லியின் கதையில் வந்த மீனைப் பற்றித்தான் பேச்சு. மனைவியை அடிக்கும் கணவன் மறுநாள் அவள் தட்டில் முள்ளெடுத்த மீனை வைக்கிறான். "அடிக்கிறவன் முள்ளெடுத்துக் குடுப்பானா மேடம்? அவனை நல்லவனாக் காட்டிட்டீங்க," என்று பொரிந்து தள்ளினார் கூட்டத்தை நடத்திய ஞானதுரை. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடலாமே என்று பதிப்பாளரும் காதைக் கடித்தார். ஆனந்தவல்லி அசரவில்லை. "அது அங்கயே இருக்கட்டும் சார்."

கூட்டம் முடிந்து மதியச் சாப்பாடு. கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண் எதிர்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், தன் இலையைத் தொடாமல் அவளுக்காகப் பொறுமையாக முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். மீன் துண்டோடு அவர் கை நீண்டதும் அவள் முகம் சட்டென்று பின்னுக்குப் போனது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஒரு கணம்தான். பிறகு குனிந்து சாப்பிட்டாள்.

ஞானதுரை நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா மேடம்? இந்த மாதிரி மனுஷனைப் பத்தி எழுதுங்க."

"எழுதிட்டேனே," என்றாள் ஆனந்தவல்லி, வரிசைக்கே கேட்கும்படி.

எதிரே அந்தப் பெண் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.