இருமினால் உடையுமா?

என் தங்கை இருமினாளாம். விலா எலும்பு உடைந்துவிட்டதாம். கேட்கிறவன் என்ன கேனையனா?

போன வருஷம் பக்கெட்டைத் தூக்கியதில் மணிக்கட்டு முறிந்தது என்றார்கள். என் தங்கை புருஷன் கை நீட்டுகிறான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவனோடு பேச்சை நிறுத்தினேன். அதற்கு முன்பும் பெரிதாகப் பேசியதில்லை. பிள்ளைக்கு வழியில்லாதவனிடம் என்ன பேச்சு?

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தான்.

"வாங்க மச்சான்."

"ஒரு பிள்ளைக்கு வக்கில்லை. பொண்டாட்டியை அடிக்க மட்டும் கை நீளுதோ?"

ஓங்கி ஒன்று விட்டேன். மரம் அறுக்கிற கை. பிளாஸ்க் உருண்டு ஓடியது. குனிந்து அதை எடுத்தான்.

"பார்த்தீங்களா, பதில் வருதா?" என்றேன் அங்கே நின்ற நர்ஸிடம்.

உள்ளே, கட்டிலில் கிடந்த தங்கை, என் பின்னால் வந்த அவன் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, எங்க அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"வேணாம், விடு" என்றான் அவன்.

"சொல்லுங்க டாக்டரம்மா!"

கட்டிலருகே நின்றிருந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணமான புதுசுலயே கட்டி வந்து, இவங்களுக்குக் கருமுட்டை உண்டாகிற ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாங்க. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அங்கேதான் சுரக்கும். அது குறைஞ்சா எலும்பு கட்டுறதைவிடக் கரையறது அதிகமாயிடும். அப்புறம் இருமினாலும் உடையும். ரத்தம் உண்டாகிற மஜ்ஜையும் எலும்புக்குள்ளதானே இருக்கு? அதையும் பாதிக்கலாம். ரத்தமும் குறைவாத்தான் இருக்கு."

"மருந்து கிடையாதா?"

"கொடுத்திருக்காங்க. இவங்கதான் நிறுத்திட்டாங்க."

"மாத்திரை உன் கண்ணுல பட்டுடுமேன்னு பயம், அண்ணே" என்றாள் தங்கை. "மலடின்னு சொல்லிடுவியே."

வெளியே பளபளப்பு, உள்ளே உளுப்பு. அப்படி எத்தனை மரம் பார்த்திருக்கிறேன். இவளைப் பார்க்கவில்லை.

ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவனை வெளியே இழுத்து வந்தேன்.

"சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் உன்னைக் கேவலமாப் பேசினேனே, மாப்பிள்ளை! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவன் பிளாஸ்க்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அந்தப் பேச்சை அவ தாங்கமாட்டா, மச்சான். எனக்கு எலும்பு கெட்டி."