தேசிக்காய் வைத்த விரல்

லிங்கநகரிலிருந்து வந்திருந்த குணேஸ்வரியின் மோதிர விரலில் செருகியிருந்த தேசிக்காயை, அந்த எலுமிச்சையை, டொக்டர் நஸ்ரியா கழற்றினார். நகச்சுத்துதான். நகத்தைச் சுற்றிச் சீழ் கட்டி, வீக்கம் மோதிரம் வரை இறங்கியிருந்தது.

"விரலை மடக்க ஏலுமா?"

"ஏலாது, டொக்டர். விண்விண்ணெண்டு குத்துது."

"தேசிக்காயை நம்பி இருந்திட்டீங்கள். கீறிச் சீழ் எடுக்கவேணும். அதுக்கு முதல் மோதிரத்தை வெட்டவேணும். இல்லாட்டி ரத்தம் ஓடாமல் விரலே போயிடும்."

பக்கத்தில் நின்ற கணவர் தம்பிராசாவின் முகம் வெளிறியது. "வெட்டாமல் ஏலாதோ? நான் போட்ட கலியாண மோதிரம்."

"மோதிரம் வேணுமா, விரல் வேணுமா?"

குணேஸ்வரி குறுக்கிட்டாள். "வெட்டுங்கோ, டொக்டர். ஆனால் இவர் வெளியில நிக்கட்டும். ரத்தத்தைக் கண்டால் மயங்கிப்போவார்."

தம்பிராசா தயங்கித் தயங்கித் திரைக்கு வெளியே போனார்.

வெட்டிய மோதிரத்தைத் திருப்பிப் பார்த்த டொக்டரின் கை அப்படியே நின்றது. தேசிக்காய்ச் சாறு வடிந்த அதன் உள்ளங்கைப் பக்கம் முலாம் போய், விளக்கி வைத்த குத்துவிளக்கைப் போல மின்னியது.

"அம்மா, இது பித்தளை..."

"மெல்லக் கதையுங்கோ. கலியாணம் கட்டின வருசமே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டது அவருக்குத் தெரியாது."

திரைக்கு அப்பால் தம்பிராசாவின் குரல் கேட்டது. "டொக்டர், அது பவுண். துண்டுகள் கவனம்!"

குணேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"ஓம், பவுண்தான் எண்டு சொல்லிப்போட்டுக் கீறுங்கோ, டொக்டர்."