ரிஷாத் எடுத்த வேலை

பலகையில் ரிஷாத்தின் பெயரைக் கண்டதும் நிரோஜினி அதை இரண்டாம் தரமும் வாசித்தாள்.

'அபூதாஹிரின் போட்டைத் தேடிக் கரை சேர்த்தல்' என்ற வேலை பன்னிரண்டரைக்கு, அவசரம் என்று சிவப்பாகியிருந்தது. ஆறே நிமிடத்தில் அதற்கு நேரே வந்து விழுந்த பெயர் அது. ஊரில் வேறு ஆளே இல்லையா?

பலகை என்றால் சுவரில் மாட்டியது அல்ல. மீனவர் சங்கக் கந்தோரின் மூலையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடுவது. சங்கத்துக்காரர் எல்லாரும் தங்கள் போனிலும் பார்க்கலாம். அமெரிக்கக் கம்பனி ஒன்றிடம் கொடுத்து நடத்தலாம் என்றபோது ஒருவரும் சம்மதிக்கவில்லை. மீன் படுகிற இடத்தைப் பெண்சாதிக்கே சொல்லாதவர்கள், அமெரிக்காக்காரனுக்கா சொல்லப்போகிறார்கள்!

அதில் மூன்று ஏஐ ஏஜென்ட்களை இணைத்தது கந்தோரில் வேலை பார்க்கும் பிள்ளை நிரோஜினிதான். ஒன்று காற்று அறிவித்தல்களைப் படிக்கும். ஒன்று நேரத்துக்குத் திரும்பாத போட்டுக்குப் போன் எடுக்கும். மற்றது, பக்கத்துப் போட்காரர்களுக்கு மெசேஜ் போட்டு உதவிக்குப் போகச் சொல்லும்.

ஆனால் ஒரு வேலையில் யாராவது தன் பெயரைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. ஏஜென்ட்களும் விலகிவிடும். ஒரு போட்டைத் தேடி எட்டுப் போட் ஓடிய கூத்துக்குப் பிறகு சங்கம் போட்ட சட்டம் அது.

ரிஷாத் பெயரைப் போட்டதுதான் தாமதம், மூன்று ஏஜென்டும் வாயை மூடிக்கொண்டன.

ரிஷாத்தும் அபூதாஹிரும் பத்து வருடம் ஒரே போட்டில் தொழிலுக்குப் போனவர்கள். வலை ஒன்று கிழிந்ததில் தொடங்கிய சண்டையால் எட்டு மாதமாக முகம் பார்ப்பதில்லை. "உன்ர போட் கவிண்டாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டன்" என்று ரிஷாத் மீன் சந்தையில் நின்று கத்தியதை ஊரே கேட்டது.

விடியப் போன அபூதாஹிர் பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டும். வெளியே கச்சான் காற்று தூக்கி அடித்தது. எஞ்சின் நின்ற போட்டைக் கச்சான் கரைக்கு விடாது, வெளிக்கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

அபூதாஹிரின் மனைவி அசனா கந்தோர்க் கதிரையில் இருப்புக்கொள்ளாமல் எழும்பி எழும்பி இருந்தாள்.

"அவன்ட பேர எடுத்து உடுங்க தங்கச்சி. ஆராவது போகட்டும்."

நிரோஜினி ரிஷாத்துக்குப் போன் எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை. அவனுடைய மனைவி சுஹைராவுக்கு எடுத்தாள். சாப்பாட்டில் கை வைத்தவர் போனைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றாள் சுஹைரா.

"பாத்தீங்களா, ஒளிச்சிட்டான்" என்றார், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் சங்கத் தலைவர் முத்தலிப். "தானும் போகாம, மத்தவனையும் போக உடாம மறிச்சி வச்சிருக்கான்."

"உண்மையாவே போயிருந்தா, நானா?" என்று கேட்டாள் நிரோஜினி.

"ஆரு, ரிஷாத்தா?"

அவர் கேட்ட விதத்தில் நிரோஜினிக்கே தன் கேள்வி அசட்டுத்தனமாகப் பட்டது. அவன் போயிருக்க மாட்டான் என்றுதான் உள்ளுக்குள் அவளும் நினைத்தாள். பழிவாங்க ஒரு நேரம் காலம் இல்லையா என்று அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பெயரை எடுத்துவிட்டாள்.

மெசேஜ் போடும் ஏஜென்ட் உடனே விழித்துக்கொண்டு மூன்று போட்காரரைக் கேட்டது. காற்றுப் பலம், இப்ப ஏலாது என்று மூவரிடமிருந்தும் ஒரே பதில். கடற்படைக்கும் சொல்லியாயிற்று. தேடுகிறோம் என்றார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பலகையின் சிவப்பைப் பார்க்கப் பயந்து அசனா கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினாள்.

மூன்றேகாலுக்குத் துறைப் பக்கம் ஆட்கள் சத்தம் போட்டார்கள். எல்லோரும் ஓடினார்கள்.

இரண்டு போட்கள் வந்துகொண்டிருந்தன. பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்தது அபூதாஹிரின் போட். முன்னால், முழுக்க நனைந்து எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ரிஷாத்.

முத்தலிப் நானாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

அபூதாஹிர் தள்ளாடி இறங்கினார். அசனா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ரிஷாத்தின் முகத்தைப் பார்க்காமல், மணலைப் பார்த்துக் கேட்டார்.

"உன்ன ஆரு வரச் சொன்ன?"

ரிஷாத்தும் அவரைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"சங்கத்துக் கம்ப்யூட்டர்தான் போகச் சொல்லி மெசேஜ் போட்டிச்சி. இல்லாட்டி நான் என்னத்துக்குப் போற?"

அபூதாஹிர் தலையை ஆட்டினார். யாருக்கும் கடமைப்படவில்லை என்று ஆனதில் அவருக்கும் மூச்சு வந்தது போலிருந்தது. அசனா நிரோஜினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நல்ல காலம் இந்தக் கம்ப்யூட்டரை வைத்தீர்கள் தங்கச்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கந்தோருக்கு வந்ததும் நிரோஜினி அந்த மெசேஜைத் தேடினாள். பன்னிரண்டரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரிஷாத்துக்கு அப்படி ஒன்று போகவே இல்லை.

போகவும் முடியாது. அபூதாஹிரின் போட்டுக்கு என்ன நடந்தாலும் ரிஷாத்திடம் மட்டும் கேட்காதே என்று, மெசேஜ் போடும் அந்த ஏஜென்டை இணைத்த அன்றே எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.