முதல் சொட்டு

தன் உடம்பில் ஓடும் கடைசிச் சொட்டு இரத்தமும் தலைவருக்கே என்று அவர் மேடையில் முழங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் சொட்டு மிதந்தது.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இரத்ததான முகாம். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் நீல நிறத் திரவம். விரலில் குத்தி எடுக்கும் சொட்டு அதில் மூழ்கினால் கட்டிலில் படுக்கலாம். மிதந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அவருடையது பாதி தூரம் இறங்கியது. எதையோ மறந்துவிட்டதுபோல் நின்றது. திரும்பி மேலே வந்தது.

பதினொரு மணிக்கு மாவட்டச் செயலாளர் வருகிறார். முதலில் இரத்தம் கொடுப்பவருக்கு அவர் கையால் சால்வை. சால்வை யாருக்கோ, கவுன்சிலர் சீட்டும் அவருக்கே. டீக்கடை வரை தெரிந்த விஷயம்.

மணி பத்து ஐம்பது.

“தண்ணியில ஏதோ கோளாறு, சிஸ்டர்.”

“இதே தண்ணியிலதான் அந்த அண்ணனோடது கல்லு மாதிரி உள்ள போச்சு.”

அந்த அண்ணன் முத்தரசு. அதே சீட்டுக்கு அலைகிறவர். கட்டிலில் படுத்தே விட்டார். படுத்தபடி வணக்கம் வேறு வைத்தார்.

இவர் அடுத்த விரலை நீட்டினார்.

மிதந்தது.

எழுந்தார். உட்கார்ந்தார். வலது கையை நம்பிப் பயனில்லை என்று இடது கையை நீட்டினார்.

மிதந்தது.

“செவப்பணுவுல இரும்பு பத்தலண்ணே. மூச்சுக்காத்த ஒடம்பு பூரா செமக்குறது அதுதான். படியேறுனா மூச்சு வாங்குதா?”

மேடைக்கு நாலு படி. வாங்கியது. உணர்ச்சிப் பெருக்கு என்றல்லவா நினைத்திருந்தார்.

வாசலில் சரவெடி.

சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து, மாத்திரைகளை ஓர் உறையில் போட்டு நீட்டினார். “சாப்பிட்டுட்டு தெனம் ஒண்ணு. முருங்கக்கீரை சேத்துக்குங்க.”

முத்தரசு தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இவர் வெடுக்கென்று உறையை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சால்வை போனால் போகட்டும். செயலாளர் கழுத்தில் தன் மாலையாவது முதலில் விழட்டும். நாளைக் காலைப் பேப்பரில் முகம் வரட்டும்.

விழுந்தது. கேமரா மின்னியது. மூச்சு வாங்க, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

மாவட்டச் செயலாளர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்தார்.

மெல்லிய வெள்ளைச் சட்டை. பையிலிருக்கும் தலைவர் படம் வெளியே தெரியவேண்டும் என்றே எடுத்த துணி. பதினெட்டு வருடமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

இப்போது தலைவர் தெரியவில்லை. அவருக்கு முன்னால் மாத்திரை உறை இருந்தது.

உறை கர்ப்பிணிகளுக்கு அச்சடித்தது. அதில் ஒரு பெண் வயிற்றில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.